ஜரிகைக்குக் கேட்கிற கணக்கு பாலுக்கு வேண்டாமா?

காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தச் சேலை எடுக்க வருகிறவர்கள், சேலை எத்தனை மீட்டர் என்று கேட்பதில்லை. ஜரிகை அசலா, வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எவ்வளவு, கரையும் உடலும் கோர்வை போட்டதா என்றுதான் கேட்கிறார்கள். மொத்த ஜரிகையில் தங்கம் 1 சதவீதம்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தத் துளிக்காக அரை மணி நேரம் பேச்சு நடக்கும். பேச்சில் திருப்தி வராதவர்கள் ஜரிகையைக் கருவியில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கவும் ஊரில் வழி இருக்கிறது. பெயர் மட்டும் போதாது, சேர்மானமும் தெரிய வேண்டும் என்பதை இந்த ஊர் வியாபாரம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது.

அதே வீட்டில் மறுநாள் விடிந்ததும் பால் பூத்துக்கு ஆள் போகிறது. அங்கே கேள்வி ஒன்றுதான்: நீலமா, பச்சையா, ஆரஞ்சா? வீட்டுக்கே வந்து ஊற்றும் பால்காரரிடம் என்றால், "தண்ணி ஊத்தலியே?" அவ்வளவுதான். ஆயுளில் சில தடவை வாங்கும் பொருளுக்கு அத்தனை கேள்வி; வருடத்தில் 365 நாளும் வாங்கும் பொருளுக்கு ஒரு நிறமும் ஒரு சந்தேகமும் போதும் என்று விட்டுவிட்டோம்.

பாலை லிட்டரில் அளந்து விற்கிறோம். ஆனால் அதன் சத்தும், அதற்குத் தர வேண்டிய நியாயமான விலையும் லிட்டரில் இல்லை. தண்ணீரில் கரைந்தும் மிதந்தும் கிடக்கும் திடப்பொருளில் இருக்கின்றன. அந்தக் கணக்கு மாட்டைக் கறப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும், பாலைக் குடிப்பவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். அதுவரை பால் விலை பற்றிய ஒவ்வொரு சண்டையும் இருட்டில் சுற்றும் சிலம்பமாகத்தான் இருக்கும்.

பாத்திரத்துக்குள் என்ன?

100 கிராம் பசும்பாலில் சுமார் 87 கிராம் தண்ணீர். மீதி 13 கிராமில்தான் எல்லாம் அடக்கம். அதில் கொழுப்பு 4 கிராம் அளவு, புரதம் 3.3 கிராம் அளவு, லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை நாலரை முதல் 5 கிராம் வரை, சுண்ணாம்புச் சத்து உள்ளிட்ட தாது உப்புகள் 0.7 கிராம். ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியலின்படி 100 கிராம் பசும்பாலில் கால்சியம் 118 மில்லிகிராம். எருமைப் பாலில் கொழுப்பு ஆறரை கிராமைத் தாண்டும், புரதமும் சற்றுக் கூடுதல்.

இந்தத் திடப்பொருளைப் பால் தொழிலில் இருப்பவர்கள் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒன்று ஃபேட், அதாவது கொழுப்பு. கொழுப்பைக் கழித்துவிட்டு மிஞ்சும் புரதம், லாக்டோஸ், தாது உப்பு எல்லாம் சேர்ந்தது எஸ்.என்.எஃப். பால் சங்கத்தில் கறவைக்காரர்கள் வாயில் அன்றாடம் புழங்கும் சொற்கள் இவை. பால் வாங்குகிற நம்மில் பெரும்பாலோர் பாக்கெட்டின் மேல் பொடி எழுத்தில் இருக்கும் இதே சொற்களைப் படித்ததே இல்லை.

பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக, கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தன்னுள் கட்டிக்கொண்டு அது பாலில் மிதக்கிறது. வெளிச்சம் இந்த உருண்டைகளிலும் கொழுப்புத் துளிகளிலும் பட்டுச் சிதறுவதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது. உறை ஊற்றினால் பாக்டீரியா லாக்டோஸை லாக்டிக் அமிலமாக்குகிறது. அமிலத்தன்மை ஏற ஏற, கேசின் உருண்டைகள் ஒன்றையொன்று விலக்கும் சக்தியை இழந்து கைகோத்துக்கொள்கின்றன. அதுதான் தயிர். ஏற்கெனவே லேசாகப் புளித்திருக்கும் பாலை அடுப்பில் வைத்தால் சூடும் அமிலமும் சேர்ந்து அதே வேலையைத் தாறுமாறாகச் செய்கின்றன. "பால் திரிஞ்சு போச்சு" என்கிறோம். கெட்டுவரும் பால் திரியாமல் தப்பிக்கட்டும் என்றுதான் சிலர் சோடா மாவைக் கலக்கிறார்கள். புளிப்பு மறையும், கெட்டது கெட்டதுதான்.

மீதி ஒரு பங்கு புரதம் மோர்த் தெளிவில் இருப்பது. பால் காயும்போது சூட்டில் உருமாறி, கொழுப்போடு சேர்ந்து மேலே ஆடையாகப் படிவதில் அதற்கும் பங்குண்டு. பட்டு நெய்யும் ஊருக்கு ஒரு கூடுதல் செய்தி: பட்டு நூலும் புரதம், கேசினும் புரதம். 1930-களில் இத்தாலியில் அந்தோனியோ ஃபெரெட்டி என்பவர் பால் கேசினிலிருந்தே நூல் எடுத்தார். லானிட்டால் என்ற பெயரில் அது கொஞ்ச காலம் துணியாகவும் விற்றது. நனைந்தால் வலு போய்விடுகிற அந்த நூல் பட்டுக்கோ பருத்திக்கோ போட்டியாக வரவில்லை.

பசும்பாலில் ஓடும் மெல்லிய மஞ்சள், பசும்புல்லிலிருந்து வரும் பீட்டா கரோட்டின். எருமை அந்தக் கரோட்டினை வைட்டமின் ஏ-வாக மாற்றிவிடுவதால் அதன் பால் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. வெளுப்பை வைத்தோ மஞ்சளை வைத்தோ சத்தை எடைபோட முடியாது என்பதற்கு இந்த ஒன்றே போதும்.

சங்கத்து வாசலில்

வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்கள் ஏரிப் பாசனத்தை நம்பியவை. நெல்லும் மாடும் அங்கே ஒரே குடும்பத்தின் இரண்டு கணக்குகள். அறுப்புக்குப் பின் கிடைக்கும் வைக்கோல்தான் வருடம் முழுக்க மாட்டுக்கு அடிப்படைத் தீவனம். விடியும் முன்பே கறந்து, தூக்கிலும் கேனிலும் பாலை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் பெண்கள்தான் சங்கத்துக்கு வருகிறார்கள்.

ஒருவர் ஊற்றும் பாலிலிருந்து ஒரு கரண்டி மாதிரி எடுக்கப்படுகிறது. பழைய முறையில் கொழுப்பு பார்ப்பதென்றால் ஜெர்பர் சோதனை. கழுத்தில் அளவுக்கோடு போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கினால் குப்பி கை சுடும். பால் காப்பி நிறமாகும். அமிலம் புரதத்தைக் கரைத்துவிட, கொழுப்பு மட்டும் பிரிந்து நிற்கிறது. இயந்திரத்தில் வைத்துச் சுழற்றினால் அது கழுத்துப் பகுதியில் தெளிந்த தம்பமாக ஏறும். எத்தனை கோடோ அத்தனை சதவீதம். ஸ்விட்சர்லாந்துக்காரரான நிக்லாஸ் ஜெர்பர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய முறை இது. இன்று பல இடங்களில் மில்க் அனலைசர் வந்துவிட்டது. ஒலியலை செலுத்தி, ஒரு நிமிடத்துக்குள் ஃபேட், எஸ்.என்.எஃப். இரண்டையும் காட்டிவிடுகிறது.

லாக்டோமீட்டர் தனியாக ஏன் போதாது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் பலரும் அதைத்தான் நம்புகிறார்கள். அது பாலின் அடர்த்தியை அளக்கிறது. நல்ல பாலில் 28, 30 என்று காட்டும். தண்ணீர் சேர்த்தால் எண் இறங்கும். கொழுப்பு தண்ணீரைவிட லேசானது. ஆகவே ஏட்டை எடுத்துவிட்டால் எண் ஏறும். விஷயம் தெரிந்தவர் என்ன செய்வார்? முதலில் ஏட்டை எடுப்பார், பிறகு தண்ணீரை ஊற்றுவார். எண் பழையபடி 28-க்கு வந்து நிற்கும். இரண்டு தடவை கையாடியும் லாக்டோமீட்டர் நல்ல பால் என்று சாட்சி சொல்லும். அதனால்தான் கொழுப்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறார்கள். லாக்டோமீட்டர் எண்ணை நாலால் வகுத்து, கொழுப்பில் கால் பங்கைக் கூட்டி, அரைக்கும் கொஞ்சம் குறைவான ஒரு நிலை எண்ணைச் சேர்த்தால் எஸ்.என்.எஃப். கிடைக்கும். எண் 28, கொழுப்பு 4 என்றால் ஏழும் ஒன்றும் எட்டு, கொசுறோடு எட்டரைக்குப் பக்கம். மனக்கணக்காகவே போடலாம்.

இந்த எண்கள் மாட்டுக்காரரின் நேர்மையை மட்டும் காட்டுவதில்லை. கறவையின் முதல் பீச்சில் கொழுப்பு 1, 2 சதவீதம்தான் இருக்கும். மடி வற்றும் கடைசிப் பீச்சில் அதைப்போல் பல மடங்கு. கடைசிப் பாலைக் கன்றுக்கு விடுகிறவரின் கேனில் ஃபேட் குறைந்துதான் தீரும். கன்று பிழைக்க வேண்டுமே! ஹெச்.எஃப். கலப்பினம் பால் அதிகம் தரும், கொழுப்பு குறைவாகத் தரும். ஜெர்சிக் கலப்பினம் இதற்கு நேர்மாறு. வைக்கோல், நார்த்தீவனம் குறைந்து வெறும் தவிடும் அடர்தீவனமும் ஆனால் கொழுப்பு விழும். வெயில் காலத்தில் மாடு இரையெடுப்பது குறைந்தால் எஸ்.என்.எஃப். விழும். சித்திரை வெயிலில் சங்கத்தில் "உன் பால் டிகிரி இல்லை", அதாவது லாக்டோமீட்டர் எண் போதவில்லை என்ற பேச்சைக் கேட்கிற பெண்மணி, தண்ணீர் ஊற்றாமலேயே தண்ணீர் ஊற்றிய பேரை வாங்கிக்கொண்டு போகிறார்.

அவர் கையில் ஒரு அச்சடித்த சீட்டு இருந்தால் கதை வேறு. எடை, ஃபேட், எஸ்.என்.எஃப்., விலை நான்கும் அதில் இருந்தால், தீவனத்தில் என்ன மாற்ற வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் அதைக் காட்டிக் கேட்கலாம். பக்கத்து வீட்டாரின் சீட்டோடு ஒப்பிடலாம். கருவி தவறாகக் காட்டுகிறது என்று சண்டையும் போடலாம். சீட்டு தரும் சங்கங்கள் உண்டு. நோட்டில் எழுதிக்கொண்டு "பார்த்துக்கலாம்" என்று அனுப்பும் இடங்களும் உண்டு. 2022 நவம்பரில் பசும்பாலின் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ஆனது. எருமைப் பாலுக்கு 41-லிருந்து 44. 2023 டிசம்பரில் ஊக்கத்தொகையாக மேலும் 3 ரூபாய் சேர்ந்தது. இந்த அறிவிப்பு ரூபாய்கள் உண்மையில் யாருக்கு எவ்வளவு போய்ச் சேர்கின்றன என்பதை முடிவு செய்வது கோட்டையில் போடும் கையெழுத்து அல்ல, சங்கத்து வாசலில் அந்த ஒரு கரண்டிப் பாலில் வரும் இரண்டு எண்கள்.

2023 மே 25 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அமைச்சர் அமித் ஷாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். குஜராத்தின் கைரா ஒன்றியம், அதாவது அமுல், தமிழ்நாட்டில் பால் கொள்முதலில் இறங்குவதை நிறுத்தச் சொல்லும் கடிதம். அதில் பெயர் சொல்லப்பட்ட மாவட்டங்களில் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் உண்டு. ஒரு கூட்டுறவின் பால்பரப்பில் இன்னொரு கூட்டுறவு நுழையக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கறவைக்காரர் விசுவாசத்துக்காகப் பால் ஊற்றுவதில்லை. கண்ணெதிரே அளந்து, கையில் சீட்டு கொடுத்து, குறித்த நாளில் பணம் போடுகிறவரிடம் ஊற்றுவார். தமிழ்நாட்டுப் பால் கூட்டுறவான ஆவினுக்கு அதைவிடப் பலமான வேலி வேறு கிடையாது.

நிறம் மாறிய பாக்கெட்

இனி வாங்குகிறவர் பக்கம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் தர அளவு தெளிவாக இருக்கிறது. டோன்டு பால் என்றால் 3 சதவீதம் கொழுப்பு, 8.5 சதவீதம் எஸ்.என்.எஃப்.; ஆவினில் அது நீலம். நிலைப்படுத்திய பால் நாலரையும் எட்டரையும், அது பச்சை. நிறை கொழுப்புப் பால் 6-ம் 9-ம், அது ஆரஞ்சு. டோன்டு பால் என்பதே இந்தியாவில் பிறந்த யோசனை. 1940-களில் பம்பாயில் தாரா குரோடி, கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பு நீக்கிய பால்பொடியும் தண்ணீரும் சேர்த்து, அதிகம் பேருக்குக் குறைந்த விலையில் பால் கிடைக்க வழி செய்தார். 1963-இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் படேல் ஆகியோரோடு மகசேசே விருதைப் பகிர்ந்துகொண்டவர் அவர். தண்ணீர் சேர்ப்பதே குற்றம் இல்லை. சொல்லாமல் சேர்ப்பதுதான் குற்றம்.

2023 நவம்பரில் நடந்ததை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பச்சைப் பாக்கெட்டைக் குறைத்துவிட்டு ஊதா நிற 'டிலைட்' பாக்கெட்டை முன்னால் வைத்தது ஆவின். விலை பழையதுதான், லிட்டர் 44 ரூபாய். கொழுப்பு மட்டும் நாலரையிலிருந்து மூன்றரை ஆனது. உடம்புக்கு நல்லது என்று ஒரு தரப்பு, மறைமுக விலையேற்றம் என்று மறு தரப்பு. இரண்டும் உண்மை. ஒரு லிட்டரில் 10 கிராம் கொழுப்பு குறைந்தது, அதாவது இரண்டு டீஸ்பூன் நெய். அதைக் குறைத்ததால் யாருக்கும் உடம்பு கெடப்போவதில்லை. ஆனால் கூட்டுறவு நிறுவனத்துக்கு அந்த 10 கிராம் வெண்ணெயாகவும் நெய்யாகவும் காசாகிறது. குறைத்த கொழுப்புக்கு ஈடாக விலையையும் குறைத்திருந்தால் பேச்சே எழுந்திருக்காது.

கர்நாடகம் 2024 ஜூனில் நந்தினி பாக்கெட்டில் 50 மில்லி கூட்டி 2 ரூபாய் ஏற்றியது. அது விலையேற்றமா அளவு ஏற்றமா என்று அங்கும் வாதம் நடந்தது. ஆனால் மாறியது இன்னது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அரை லிட்டர் 550 மில்லி ஆனதை யாரும் பார்த்துச் சொல்லலாம். கொழுப்பு ஒரு சதவீதம் குறைந்ததை நாக்கும் காப்பியும்தான் சொல்ல வேண்டும். அளவில் நடக்கும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும், சேர்மானத்தில் நடக்கும் மாற்றம் தெரியாது. தெரியாத மாற்றத்துக்குத்தான் கூடுதல் அறிவிப்பு தேவை.

இதில் வாங்குகிறவரின் பிழையும் இருக்கிறது. பால் என்றால் கொழுப்பு, கெட்டியாக இருந்தால் சத்து என்று நம் மனதில் ஊறிவிட்டது. அதற்கு நீண்ட வரலாறும் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு எரிக்க 96 ஆடுகள் கொடுத்ததாக வரும். அதிலிருந்து தினமும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்பது நிபந்தனை. எத்தனை படி பால் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. விளக்குக்கு வேண்டியது நெய், ஆகவே நெய்யைக் கணக்கிட்டார்கள். அது சரியான கணக்கு. வளரும் பிள்ளைக்கு வேண்டியது புரதமும் கால்சியமும். அதற்கும் நாம் விளக்கின் கணக்கையே போட்டுக்கொண்டிருக்கிறோம்.

2022 நவம்பர் விலையில் கணக்குப் பார்ப்போம். நீலம் லிட்டர் 40 ரூபாய், ஆரஞ்சு 60 ரூபாய். கூடுதலாகக் கொடுக்கும் 20 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது? 31 கிராம் கொழுப்பு. புரதம் 2 கிராம் அளவுக்குக் கூடும். கால்சியத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அது எஸ்.என்.எஃப். பக்கத்துச் சொத்து. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒருவருக்கு நாளைக்கு 300 மில்லி பால் அல்லது தயிர் என்கிறது. அந்த 300 மில்லியில் 10 கிராம் புரதமும், ஒரு நாளைத் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான கால்சியமும் கிடைக்கும். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் நாலு பேர் குடும்பம் ஒன்று இந்த அளவுப்படி வாங்கினால், நீலத்துக்கு மாதம் 1,440 ரூபாய், ஆரஞ்சுக்கு 2,160. வித்தியாசம் 720 ரூபாய். அந்தப் பணத்தில் முட்டையோ பருப்போ வேர்க்கடலையோ வாங்கினால் கிடைக்கும் புரதம், ஆரஞ்சுப் பாக்கெட்டில் வரும் கூடுதல் புரதத்தைப் போலப் பல மடங்கு. காப்பி ருசிக்காக ஆரஞ்சு வாங்குகிறேன் என்றால் அது அவரவர் நாக்கு, அவரவர் பணம். பிள்ளைகளின் சத்துக்காக என்றால் அந்தக் கணக்கு தப்பு.

பாலில் இல்லாதது, பாலில் இருக்கக் கூடாதது

பால் முழு உணவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கன்றுக்கு அது முழு உணவு, நமக்கு இல்லை. பாலில் இரும்புச் சத்து கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். போதாததற்கு அதன் கால்சியமும் கேசினும் மற்ற உணவிலிருந்து வரும் இரும்பை உடம்பு உறிஞ்சுவதையும் மட்டுப்படுத்துகின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தச் சோகை. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைக்கு வேளாவேளைக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்துத் திருப்திப்படும் தாய்மார் இதை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு வயதுக்குள் பசும்பாலைக் குடிக்கும் பாலாகக் கொடுக்கவே கூடாது. தாய்ப்பாலில் புரதம் 1 சதவீதத்தை ஒட்டியும், தாது உப்பு 0.2 சதவீதமாகவும், சர்க்கரை 7 சதவீதமாகவும் இருக்கிறது. பசும்பாலின் மூன்று மடங்குப் புரதத்தையும் உப்பையும் கைக்குழந்தையின் சிறுநீரகம் தாங்காது.

பி12 வேறு கதை. அது செடி கொடிகளில் கிடைக்காத வைட்டமின். முட்டையும் தொடாத சைவக் குடும்பங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. 300 மில்லியில் ஒரு நாளைத் தேவையில் பாதி வந்துவிடும். வைட்டமின் டி பாலில் இயல்பாகவே சொற்பம். அதனால் இப்போது சேர்க்கிறார்கள். செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம். விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தறிக்குழியில் காலைவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கும் நெசவாளிக்கு இது நல்லதுதான். ஆனால் நாளொன்றுக்கு வேண்டிய 15 மைக்ரோகிராமில் இது ஒரு சிறு பங்கு. மீதிக்கு வெயில்தான்.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்கள் தென்னிந்தியாவில் அதிகம். லாக்டோஸைச் செரிக்கும் நொதி வளர்ந்த பிறகும் நீடிப்பது வடமேற்கு இந்தியாவைவிட இங்கே குறைவு. தயிரில் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாக்டீரியா முன்பே தின்றுவிடுகிறது. வைகாசி கருட சேவைக்கு வரும் கூட்டத்துக்கு ஊரே பந்தல் போட்டு நீர்மோர் ஊற்றுவதில் தாகசாந்தியோடு இந்த வசதியும் சேர்ந்திருக்கிறது.

அடுத்தது கலப்படம். யூரியா, சோப்புத்தூள் என்று காணொளிகள் பரப்பும் பீதிக்கும் நிலவரத்துக்கும் தூரம் அதிகம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 மாதிரிகள் எடுத்துச் சோதித்து, 2019 அக்டோபரில் முடிவை வெளியிட்டது. பாதுகாப்பற்ற கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. ஆனால் 41 சதவீத மாதிரிகள் ஏதோ ஒரு தர அளவில் தேறவில்லை. பெரும்பாலும் கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும்தான் குறை. நாம் விஷத்துக்குப் பயப்படுகிறோம். நடப்பதோ எடைக் குறைப்பு.

அந்த ஆய்வில் தமிழ்நாட்டின் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டிய எண் வேறொன்று. அஃப்லடாக்சின் எம்1 வரம்பு மீறியிருந்த 368 மாதிரிகளில் 88 தமிழ்நாட்டினுடையவை; மாநிலங்களிலேயே அதிகம். இதை யாரும் பாலில் ஊற்றுவதில்லை. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, பருத்திப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் உண்டாகும் நஞ்சை மாடு தின்கிறது. அதன் ஒரு சிறு பங்கு உருமாறி ஒன்றிரண்டு நாளில் பாலில் இறங்குகிறது. தொடர்ந்து உட்கொண்டால் ஈரலுக்குக் கேடு. பாஸ்சரைஸ் செய்தாலும் போகாது, வீட்டில் எவ்வளவு காய்ச்சினாலும் போகாது. வடகிழக்குப் பருவமழையில் ஈரம் ஏறிய மூட்டையை "மாட்டுக்குத்தானே" என்று போடுகிற கையில்தான் இதற்கான தீர்வும் இருக்கிறது. லாக்டோமீட்டர் இதைக் காட்டாது, நாக்கும் காட்டாது. ஆய்வகம் மட்டுமே காட்டும்.

இத்தனை உண்மையான கவலைகள் இருக்கும்போது, விளம்பரங்கள் நம்மை ஏ1, ஏ2 என்று இழுத்துக்கொண்டு போகின்றன. பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67-ஆவது இடத்தில் இருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தின் வேறுபாடு அது. நாட்டு மாடும் எருமையும் பெரும்பாலும் ஏ2 வகை. ஏ1 நோய் தரும் என்பதற்குக் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இலேயே சொன்னது. 2024 ஆகஸ்டு 21 அன்று நம் ஆணையம் இந்த விளம்பரத்தை நீக்கச் சொன்னது. ஐந்தே நாளில் அந்த உத்தரவை விலக்கிக்கொண்டது. அதற்குள் ஏ2 என்ற பெயரில் இரட்டை விலைக்கு விற்பவர்களுக்கு இலவச விளம்பரமும் கிடைத்துவிட்டது.

கேட்க வேண்டியவை

ஆலோசனைகள் நான்கு. இவற்றில் எதற்கும் புதிய அறிவியல் தேவையில்லை.

ஒன்று, காஞ்சிபுரம்–திருவள்ளூர் பால் கூட்டுறவு ஒன்றியத்தின் எந்தச் சங்கத்தில் பால் ஊற்றினாலும் எடை, ஃபேட், எஸ்.என்.எஃப்., தொகை அச்சிட்ட சீட்டு அந்த இடத்திலேயே கையில் கிடைக்க வேண்டும். மில்க் அனலைசர் கடைசியாக என்று சரிபார்க்கப்பட்டது என்பதைக் கருவியின் மேலேயே ஒட்ட வேண்டும். தராசுக்கு முத்திரை இருப்பதுபோல இதற்கும் முத்திரை வேண்டும். இதே விதி தனியார் கொள்முதல் நிலையங்களுக்கும் பொருந்த வேண்டும்.

இரண்டு, பாக்கெட்டின் முகப்பில் கொழுப்போடு புரதமும் கால்சியமும் படிக்கும்படியான எழுத்தில் இருக்க வேண்டும். சேர்மானம் மாறினால், விலை மாறுவதைப் போலவே முன்கூட்டி அறிவிக்க வேண்டும். பழைய விலை, புதிய சேர்மானம் என்ற சத்தமில்லாத மாற்றத்துக்கு இடமே கூடாது.

மூன்று, அஃப்லடாக்சினுக்காகத் தீவனத்தையும் பாலையும் மாவட்ட அளவில் பருவந்தோறும் சோதித்து, முடிவை ஊரறிய வெளியிட வேண்டும். கெட்ட முடிவு வந்தால் கறவைக்காரரைத் தண்டிப்பது வழியல்ல. ஈரம் ஏறாமல் தீவனம் வைக்கச் சங்கத்திலேயே மேடை, தரம் பார்த்த புண்ணாக்கு ஆகியவற்றை அரசு தர வேண்டும்.

நான்கு, வீட்டில் ஊற்றும் பாலை வாங்குகிறவர்களுக்கு ஒரு பொதுச் சோதனை இடம். உழவர் சந்தையிலோ மாநகராட்சி அலுவலகத்திலோ ஒரு மில்க் அனலைசரை வைத்து, சிறு கட்டணத்தில் யாரும் ஒரு டம்ளர் பாலைச் சோதித்துக்கொள்ளலாம் என்று அறிவித்தால் போதும். ஜரிகைக்கு அந்த வசதியைச் செய்து பழகிய ஊர் இது.

இதெல்லாம் செலவு என்பார்கள். செலவுதான். ஆனால் நேர்மையாகக் கறப்பவர் இன்று எண் தெரியாமல் இழப்பதும், ஏமாற்றுகிறவர் எண் தெரிந்து சம்பாதிப்பதும் அதைவிடப் பெரிய செலவு. பட்டும் பாலும் இந்த மாவட்டத்தில் கூட்டுறவால் வளர்ந்தவை. அறிஞர் அண்ணா பெயரிலும் காமாட்சியம்மன் பெயரிலும் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வெளிச்சந்தையின் கவர்ச்சிக்கு நடுவே நிற்பதற்கு, ஜரிகையில் ஏமாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கை முக்கியமான காரணம். பால் கூட்டுறவும் அதே நம்பிக்கையில்தான் நிற்க முடியும்.

பால் விலை அறிவிப்பு மறுபடியும் வரும். கறவைக்காரருக்கு இத்தனை ரூபாய் கூட்டினோம், வாங்குகிறவருக்கு இத்தனை ரூபாய் குறைத்தோம் என்று அமைச்சர் சொல்வார். எத்தனை சதவீதக் கொழுப்புக்கு, எத்தனை எஸ்.என்.எஃப்.புக்கு என்று சட்டமன்றத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். கேட்காவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர்கள் பூத்தில் வரிசையில் நிற்கும் நாம்தான்.